இராத் தங்க ஓரிடம்



விடுமுறைக்குக் கீழைத் தேசங்களைப் பார்த்துவரப் புறப்படும் நம்மவர், பிரயாணச் சீட்டை வாங்கிய மறுகணம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே இராத் தங்க என்ன செலவாகும்?" என்பதே அது. கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர், பாங்கொக் எதுவாயினும் ஆகுக. பகற்பொழுதைக் கழிக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பூந்தோட்டம் உண்டு, கோயில் உண்டு, கடற்கரை உண்டு, தெருவோரத்திலே சுவையான உணவு மலிவாகக் கிடைப்பதும் உண்டு. பணம் கரைவது இரவிலேதான். கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கண்ணைத் திறந்துகொண்டு திரியும் நேரத்தைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மனிதர் மலைப்பது இயல்பே.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை இன்று சொல்ல முற்படுகின்றேன். ஆயின் மலாயாவிலே தொடங்கப் போவதில்லை. யாழ்ப்பாணத்திலே, காங்கேசன்துறை வீதியிலே, இணுவிலுக்கு வடக்கேயும் சுன்னாகத்துக்குத் தெற்கேயும் அமைந்த ஒரு சந்தியிலே தொடங்குகின்றேன். அச்சந்தியின் பெயர் மருதனார்மடம்.

மருதனார்மடத்தை இன்று அறிந்தவர் பலர். காய்கறி வாங்குவோர் அதன் சந்தையை அறிவர்; ஆஞ்சநேயர் கோயிலுக்குச் செல்வோர் அக்கோயிலை அறிவர்; இசையும் நடனமும் பயின்றோர் இராமநாதன் நுண்கலைக் கழகத்தை அறிவர். ஆனால் ஊரின் பெயரிலே ஒட்டிக்கொண்டிருக்கும் 'மடம்' என்ற சொல்லை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. மடம் என்றதும் தமிழகத்தார் திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்களை நினைப்பர். யாழ்ப்பாணத்து வழக்கு அதுவன்று. இங்கே மடம் என்பது பெரும்பாலும் வழிப்போக்கர் தங்கும் மனை. தமிழகத்தார் சத்திரம் என்றும் சாவடி என்றும் சொல்வார்களே, அது. மருதனார் என்னும் ஒருவரின் பெயரால் அமைந்த மனை மறைந்து, அதன் பெயர் மட்டும் ஊர்ப்பெயராக எஞ்சிவிட்டது. கந்தர்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம், புங்குடுதீவிலே மடத்துவெளி என இவ்வாறு எஞ்சிய பெயர்கள் இன்னும் உள. ஆறு தூண்களாலே பெயர் பெற்றது ஒன்று, ஓட்டுக் கூரையாலே பெயர் பெற்றது மற்றொன்று எனப் பெயரைக் கேட்ட அளவிலேயே மனக்கண் முன் ஒரு கட்டடம் எழுகின்றது.

மடங்கள் ஏன் அவ்வவ்விடங்களிலே எழுந்தன? யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய 18 கிலோமீற்றர். கையை வீசிக்கொண்டு நடப்பவனுக்கு இது ஒரு காலைப்பொழுதின் வேலை. தலையிலே புகையிலைச் சிப்பத்தைச் சுமந்தவனுக்கு அப்படியன்று. மாட்டு வண்டிக்கும் அப்படியன்று. சுமந்தவன் இளைப்பாற வேண்டும். மாடு தண்ணீர் குடிக்க வேண்டும். வெயில் தாழ வேண்டும். மருதனார்மடம் அந்த வழியின் நடுப்பகுதியிலே இருக்கின்றது. உரும்பிராய்ப் பக்கத்திலிருந்து வரும் பாதையும் அங்கேதான் பெருவீதியைச் சந்திக்கின்றது. மனிதனின் காலும் மாட்டின் காலும் களைத்துப்போகும் இடத்தையே மடம் கட்டியவர் தேர்ந்தார் என்பது இதனாற் புலப்படும்.

மடம் தனியே நிற்பதில்லை. அதன் பக்கத்திலே கிணறோ கேணியோ இருக்கும். தலைச்சுமையை ஒருவர் உதவியின்றி இறக்கி மீண்டும் ஏற்றிக்கொள்ளத் தோளுயரத்திலே சுமைதாங்கி இருக்கும். மாடு தன் முதுகைத் தேய்த்துத் தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நாட்டப்பட்டிருக்கும். அருகே கல்லிலே குடைந்த தண்ணீர்த்தொட்டி ஒன்றும் காணப்படும். கோடையிலே தண்ணீர்ப்பந்தல் எழும், மோர் கிடைக்கும். கருவுற்ற நிலையிலே ஒரு பெண் இறந்துவிட்டால், இறக்காமலே போன அவள் சுமையை நினைந்து சுமைதாங்கி நாட்டுவது நம்மவர் வழக்கமாக இருந்தது. துயரத்தையும் வழிப்போக்கனுக்குப் பயன்படுமாறு கல்லாக்கி வைத்த மக்கள் அவர்கள். இன்று சுற்றுலா விடுதிகள் தம்மிடம் உள்ள வசதிகளைப் பட்டியலிட்டு விளம்பரம் செய்கின்றன. ஆவுரஞ்சிக்கல்லைப் போல, பேசத் தெரியாத பிராணியின் முதுகரிப்பையும் கருதிய ஒன்றை அப்பட்டியல்களிலே நான் காணவில்லை.

பருத்தித்துறையிலே, தும்பளை வீதியிலே, தெருமூடிமடம் என்று ஒன்று உண்டு. அதனைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பாராதவர்களுக்குச் சொல்கின்றேன். வீதியின் இரு மருங்கிலும் உயர்ந்த திண்ணைகள், அவற்றின்மேலே தூண்கள், இரண்டையும் சேர்த்து நடுவே செல்லும் வீதியையும் மூடியவாறு ஒரே கூரை. வண்டி கூரைக்குள்ளே புகுந்து மறுபுறம் வெளியேறும். மடத்துக்குச் செல்வதற்காக வழிப்போக்கன் வழியை விட்டு விலகவே வேண்டியதில்லை. வழியே மடத்துக்குள் வந்துவிடுகின்றது. இதைவிட எளிமையான வரவேற்பை எந்தச் சிற்பி நினைத்திருப்பான்?

இனிச் செலவுக்கு வருவோம். மடத்திலே தங்குவதற்குக் காசு கொடுப்பதில்லை. ஆயினும் அது செலவில்லாமல் நடந்ததன்று. கூரை வேயவும் கிணறு இறைக்கவும் விளக்கேற்றவும் யாரோ கொடுத்தாக வேண்டும். அதற்காகக் கட்டியவர் ஒரு பனங்காணியையோ வயலையோ எழுதிவைப்பார். தருமசாதனம் என்று அந்த எழுத்துக்குப் பெயர். அந்த வருமானம் உள்ளவரை மடம் நிற்கும். காணியின் மீது பிள்ளைகளுக்கு ஆசை பிறந்தால் மடம் சரியும். உணவுக்கோ வழிப்போக்கன் பெரும்பாலும் தன் கையையே நம்பினான். கட்டுச்சோறு ஒரு வேளைக்கு ஆகும். நெடுவழிக்குப் பனாட்டும் ஒடியலும் கொண்டுசெல்வார்கள், இரண்டும் மாதக்கணக்கிலே கெடா, நெருப்பும் வேண்டா. கோயில் வழியாயின் அன்னதானம் உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு 'அன்னதானக் கந்தன்' என்றே பெயர் வழங்குகின்றது. ஆகவே, ஒரு குடியானவன் தன் ஊரிலிருந்து கீரிமலைக்குப் போய் நீராடி, சந்நிதியை வணங்கி, மூன்றாம் நாள் வீடு திரும்பக் கைப்பணம் ஏறக்குறைய வேண்டியதேயில்லை. அவனுக்கு அதுவே விடுமுறை. அதுவே உல்லாசப் பயணமும்.

கடல் கடந்து வருவோரையும் இந்நாடு எண்ணிப்பார்த்தது. நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, பிறநாட்டார் வந்திறங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு மட்டுமே அரசனுக்கு, எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. பிற சரக்காயின் பாதி பாதி என்று வகுத்திருக்கின்றது. வந்தவனின் பொருள் முழுவதும் கரைக்காரனுக்குரியது என்றிருந்த ஒரு காலத்திலே, இது தங்குமிடத்தைவிடப் பெரிய பாதுகாப்பு எனலாம். அரசனுக்கு ஆனையும் குதிரையும் வேண்டியிருந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. விருந்தோம்பலிலே எப்போதும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கின்றது. அதனால் விருந்தோம்பல் பொய்யாகிவிடாது.

கடலின் அக்கரைக்குச் செல்வோமாக. இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையிலே தக்குவாபா என்னும் ஊரிலே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அது சொல்வது போரை அன்று, வெற்றியை அன்று, ஒரு குளத்தை. 'அவனிநாரணம்' என்பது அக்குளத்தின் பெயர். பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரை ஒட்டிய பெயர் அது. மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலிலே அது விடப்பட்டது. கடல் கடந்த தமிழர் அந்நிலத்திலே வெட்டிவைத்த குளத்தைக் காத்தது ஒரு வணிகர் குழு. மருதனார்மடத்துக்குப் பக்கத்திலே கிணறு எதற்கோ, தக்குவாபாவிலே குளமும் அதற்கே. அக்கரையார் இக்கரைக்கு வந்தபோதும் இவ்வாறே. நாகபட்டினத்திலே ஸ்ரீவிசய அரசன் சூடாமணி விகாரையை எழுப்பினான். முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு நிவந்தமாக விட்டான். கிழக்கிலிருந்து வந்த பௌத்தருக்குச் சோழநாட்டிலே சொந்தமாக ஒரு கூரை இருந்தது.

கீழைத் தேசங்களிலேயே தங்குமனை அமைத்த பேரரசன் ஒருவனைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல இயலாது. அவன் கம்போடியத்து ஏழாம் செயவர்மன். 1191ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரா கான் கல்வெட்டு, அவன் நாட்டின் பெருவழிகளிலே 121 மனைகள் இருந்தனவாகக் கூறுகின்றது. 'நெருப்பு மனை' என்பது அவற்றுக்கு அதிலே வழங்கும் பெயர். அங்கோரிலிருந்து பீமாய் செல்லும் வழியிலே மட்டும் 17. எஞ்சிய கல்மனைகளை அளந்து பார்த்தோர் அவற்றினிடையே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தூரம் காண்கின்றனர். 1296ஆம் ஆண்டிலே அங்குச் சென்ற சீனத் தூதுக்குழுவினருள் ஒருவரான சௌ தாகுவான், பெருவழிகளிலே இளைப்பாறும் இடங்கள் இருந்ததைத் தம் குறிப்பிலே எழுதிவைத்தார். கம்போடியத்து யானைக்கும் யாழ்ப்பாணத்து மாட்டுக்கும் களைப்பு ஏறத்தாழ ஒரே தொலைவிலே வந்திருக்கின்றது போலும்! சீயத்திலே இன்றும் வழியோர மண்டபத்தைச் 'சாலா' என்கின்றனர். நம் அறச்சாலை, பாடசாலை என்பவற்றிலே உள்ள சாலைதான் அது. பர்மியர் 'ஜயாத்' என்பர். இலவசமாக வழிப்போக்கருக்கு நிழல் தருதல் புண்ணியம் என்னும் எண்ணம் வங்கக் கடலின் இரு கரையிலும் ஒன்றாகவே வேரூன்றியிருந்தது.

இதுவரை கேட்ட நேயர்கள், பழங்காலம் பொற்காலம் என்று நான் பாட வந்ததாக எண்ணிவிட வேண்டா. சொல்லியே தீர வேண்டிய மறுபக்கம் ஒன்று உண்டு. மடம் பணம் கேட்டதில்லை, ஆனால் "நீ யார்?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்குத் தக்க விடை இல்லாதவன், கூலியாகச் சுமையைத் தூக்கி வந்தவனே ஆயினும், திண்ணைக்கு ஏற இயலாது. கிணற்றிலே தானாக அள்ள இயலாது. ஒருவர் வார்த்தால் கையேந்திக் குடிக்க வேண்டும். சுமைதாங்கி அவன் சுமையைத் தாங்கியது. மடம் அவனைத் தாங்கவில்லை. இலவசமென்று நாம் போற்றும் இரவுக்கு ஒரு விலை இருந்தது. அதனைக் கொடுத்தவர் அத்திண்ணைக்குக் கீழே நின்றவர். சாதி காரணமாகப் பொது இடங்களிலே ஒருவரைத் தடுப்பது குற்றம் என்ற சட்டம் இலங்கையிலே 1957ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதன் பின்னரும் 1968இலே இதே காங்கேசன்துறை வீதியிலே, மருதனார்மடத்துக்கு வடக்கே, மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே நுழைவுக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. மடங்களின் வரலாற்றை எழுதுவோர் கட்டியவர் பெயரை எழுதுகின்றனர்; உள்ளே விடப்படாதவர் பெயரையும் யாராவது எழுத வேண்டும்.

பெண்களின் நிலையும் எண்ணத்தக்கது. குடும்பத்தோடு யாத்திரை சென்றாலன்றி ஒரு பெண் வெளியே இராத் தங்குவது என்பது நினைத்துப் பாராத ஒன்று. அந்த வழக்கத்திலே முதல் உடைப்பு மருதனார்மடத்தை அடுத்த உடுவிலிலே நிகழ்ந்தது. 1824ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் அங்குப் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். 1913இலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலேயே சைவப் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவினார். அதுவும் விடுதியோடு அமைந்தது. வழிப்போக்கரின் மடத்தாலே பெயர் பெற்ற ஊரிலே, வெளியூர்ப் பெண்பிள்ளை ஒருத்தி அச்சமின்றி இராத் தங்க ஓரிடம் ஏற்பட்டது என்றால், அந்த ஊர்ப்பெயர் இரண்டாம் முறையாகப் பொருள் பெற்றது எனலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே மற்றொரு வகைத் தங்குமனை பெருகியது. நம்மவர் அதனை வாடிவீடு என்றனர். நல்ல சொல். பயணம் செய்யும் உத்தியோகத்தருக்காகவே முதன்மையாக அமைந்த வாடிவீட்டிலே கட்டில், மேசை, சமையற்காரன், கட்டணப் பலகை எல்லாம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் ஆனையிறவிலும் வாடிவீடுகள் இருந்தன. மடம் சாதியைக் கேட்டது. வாடிவீடு பதவியையும் பணத்தையும் கேட்டது. பெருநகரங்களிலே ஹோட்டல்களும் எழுந்தன. கொழும்பிலே காலிமுகத்திடல் ஹோட்டல் 1864இலும், சிங்கப்பூரிலே ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887இலும் தொடங்கின. ஐரோப்பியக் கனவான்களுக்கு உரிய அவ்விடங்களைச் சாதாரணத் தமிழன் வெளியே நின்று பார்த்தான். அதனாற் போலும், 'ஹோட்டல்' என்ற சொல்லை நாம் வாங்கிக்கொண்டபோது அதன் பொருளிலே பாதியை விட்டுவிட்டோம். நம் பேச்சிலே ஹோட்டல் என்பது சோறு விற்கும் கடை. சோற்றைக் காசுக்கு வாங்கலாம் என்று மனம் இசைந்த பின்னரும், உறக்கத்தைக் காசுக்கு வாங்குவதற்கு நம்மவர் நெடுங்காலம் இசையவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மடங்களை அழித்தது ஹோட்டல் அன்று, புகைவண்டி. 1902இலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. 1905இலே பாதை முழுமை பெற்று, கொழும்போடு யாழ்ப்பாணம் இணைந்தது. நடந்தும் வண்டியிலும் பல நாட் செல்லும் வழியை ஓரிரவிலே கடக்கலாயினர். இடைவழியிலே களைப்பு இல்லை; ஆகவே இடைவழியிலே மடமும் வேண்டியதில்லை. அன்றியும், மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே சீட்டைத்தான் பார்த்தார்களேயன்றிச் சாதியைப் பார்க்கவில்லை. திண்ணையிலே ஏறவிடாத ஒருவனோடு தோளோடு தோள் உரசியிருந்து கொழும்பு வரை செல்ல வேண்டியதாயிற்று. மடம் வீழ்ந்ததற்கு வருந்தும்போது இதனையும் நினைத்துக்கொள்வது நல்லது. கொழும்பிலே இறங்கிய யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரோ, பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை வைத்துச் 'சமறி' நடத்தினர். மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டனர்.

அவ்விளைஞருள் பலர் அதற்கு முன்னரே கொழும்பையும் தாண்டி மலாயாவுக்குக் கப்பலேறத் தொடங்கியிருந்தனர். மலாயாவின் முதற் புகைவண்டிப் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885இலே திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து சென்ற பயோனியர் படையினர் அதனை அமைப்பதிலே உழைத்தனர். பின்னர்ப் புகைவண்டி நிலையங்களிலும் நில அளவைக் கந்தோர்களிலும் வைத்தியசாலைகளிலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தவர் நிறைந்தனர். உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை என்று மிஷன் பள்ளிகள் சூழ்ந்த இப்பகுதி அதிலே முன்னின்றது. பினாங்கிலே கப்பலைவிட்டு இறங்கிய பதினெட்டு வயதுப் பையனின் கையிலே ஒரு கடிதம் இருக்கும். தகப்பனுடைய ஒன்றுவிட்ட தம்பிக்கோ, ஊரவர் ஒருவருக்கோ எழுதிய கடிதம். வேலை கிடைக்கும் வரை அந்த ஊரவரின் அரசாங்கக் குவாட்டர்ஸே அவனுக்கு மடம். வேலை கிடைத்து அவன் தனக்கென ஒரு குவாட்டர்ஸ் பெற்றதும், அடுத்த கப்பலிலே வருபவனுக்கு அது மடமாகும். கடன் கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை, அடுத்தவனுக்குக் கொடுக்கப்படுகின்றது. நாளடைவிலே கோயில்களும் சங்கங்களும் அமைந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலே 1904இலே தோன்றிய விவேகானந்த ஆசிரமமும், அருகே யாழ்ப்பாணச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் இவ்வகையிலே குறிப்பிடத்தக்கன.

செட்டிநாட்டு நகரத்தார் இதனை இன்னும் ஒழுங்காகச் செய்தனர். அவர்கள் அமைத்தது கிட்டங்கி. சிங்கப்பூரிலே மார்க்கெட் தெருவைத் தமிழர் 'செட்டித் தெரு' என்றே சொல்வர். அத்தெருவின் கிட்டங்கிகளிலே ஒரு நீண்ட கூடம். இருமருங்கிலும் ஒவ்வொருவருக்கும் சில அடி இடம். அந்த இடத்திலே ஒரு மேசைப்பெட்டியும் ஒரு பெட்டகமும். பகலிலே அதுவே வட்டிக்கடை. இரவிலே அதே இடத்திலே பாயை விரித்தால் அதுவே படுக்கையறை. சமையலும் குளிப்பும் பொதுவில். மூன்று ஆண்டுக் கணக்குக்கு வந்த முகவர், மனைவி மக்களை ஊரிலே விட்டு, அந்தச் சில அடிக்குள்ளே காலம் கழித்தார். கோடிக்கணக்கான வெள்ளியைப் புழங்கியவர்கள் பாயிலே உறங்கினார்கள். இவர்கள் காசு இல்லாமையாலே இவ்வாறு இருக்கவில்லை. காசின் அருமை தெரிந்ததாலே இருந்தார்கள். விழாவுக்கும் வழிபாட்டுக்கும் குறைவில்லை. பினாங்கிலே 1857இலும், சிங்கப்பூர் டேங்க் ரோட்டிலே 1859இலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். தைப்பூசத்தை ஒட்டி அவர்களுடைய வெள்ளித்தேர் ஊர்வலத்தைக் காண ஊரே திரளும். கிட்டங்கியின் கதவு நகரத்தாருக்கே உரியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மடம் போலவே அதுவும் "நீ யார்?" என்றுதான் கேட்டது. செட்டித் தெருவின் பழைய கிட்டங்கிகள் பின்னாளிலே வானளாவும் கட்டடங்களுக்கு இடம் விட்டு மறைந்தன.

இனி, விடுமுறைக்குப் புறப்படும் நேயருக்கு வருகின்றேன். பினாங்கின் தலைநகராகிய ஜோர்ஜ் டவுனிலே 'சூலியா தெரு' என்று ஒரு தெரு இருக்கின்றது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகரைச் சூலியர் என்பர். அவர்களாலே பெயர் பெற்றது அத்தெரு. அவர்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டளவிலே எழுந்தது. சூலியா தெருவிலேயே நாகூர் ஆண்டகை பெயரால் ஒரு தர்காவும் உள்ளது. ஜோர்ஜ் டவுன் 2008இலே உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்டது. இந்தத் தெருவிலும் அதனை ஒட்டிய சந்துகளிலும் உள்ள பழைய கடைவீடுகள்தாம் இன்று குறைந்த செலவிலே தங்க வருவோருக்குப் பேர்பெற்ற இடம். ஒரே கூடத்திலே அடுக்குக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, குளிப்பறை பொதுவில், சமையலறையும் சில இடங்களிலே பொதுவில். உலகின் நான்கு திசையிலிருந்தும் வரும் இளைஞர் இதனைப் புதுமை என்று மகிழ்கின்றனர். பெட்டகத்தின் அருகே பாய் விரித்துப் படுத்த செட்டியார் இதனைப் பார்த்தால், பாய்க்குப் பதில் கட்டில் போட்டிருக்கின்றார்களே, இது ஆடம்பரம் என்று சொல்லியிருப்பார்.

பகலிலே செய்வதற்கோ குறைவில்லை. பினாங்கு மலைக்கு ஏறும் கம்பிவட வண்டி 1923இலே ஓடத் தொடங்கியது. சீட்டு வாங்க மனமில்லாதவர் காட்டுப்பாதையிலே நடந்தே ஏறலாம். மலையடிவாரத்தை அடுத்த தண்ணீர்மலையிலே நகரத்தாரின் கோயில் இருக்கின்றது. கோலாலம்பூரை அடுத்த பத்துமலையிலே தம்புசாமிப் பிள்ளை 1891ஆம் ஆண்டளவிலே அமைத்த முருகன் கோயிலுக்கு 272 படிகள். ஏறுவதற்குக் காசு இல்லை, மூச்சுத்தான் செலவு. குரங்குகளிடம் மட்டும் கவனமாயிருத்தல் வேண்டும்; அவை விருந்தினர் என்று பாராமல் கையிலிருப்பதைப் பறித்துவிடும். சிங்கப்பூரின் பூந்தோட்டம் 1859இலே, டேங்க் ரோட்டுக் கோயில் தோன்றிய அதே ஆண்டிலே, அமைக்கப்பட்டது. 2015இலே உலக மரபுரிமைப் பட்டியலிலே இடம் பெற்ற பின்னரும் அதன் பெரும்பகுதியைக் கட்டணமின்றிச் சுற்றிவரலாம். நம் முன்னோர் சங்கிலி பிடித்து நிலம் அளந்த ஊர்களிலே, அவர்கள் ஓட்டிய வண்டியின் பாதையிலே, நாம் உல்லாசமாகத் திரிகின்றோம் என்ற நினைவு ஒருவருக்கு இருக்குமானால், அந்தப் பயணத்தின் சுவை வேறு.

ஒன்றை இடையிலே விட்டுவிட்டேன். வழிப்போக்கர் தங்குமிடம் என்ற சொல் யாழ்ப்பாணத்தவருக்கு எப்போதும் உல்லாசத்தோடு சேர்ந்து நின்றதில்லை. 1990இலே காங்கேசன்துறைப் புகைவண்டி நின்றது. அவ்வாண்டு தொடங்கி வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுத் தெற்கே வந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே நடந்தது. மருதனார்மடத்திலிருந்தும் இணுவிலிலிருந்தும் சுன்னாகத்திலிருந்தும் புறப்பட்டோர் மழையிலே, நாவற்குழிப் பாலத்திலே, அடிமேல் அடி வைத்துத் தென்மராட்சிக்குச் சென்றனர். பாடசாலையும் கோயில் மண்டபமும் முன்பின் அறியாதவர் வீட்டு விறாந்தையும் அன்று மடங்களாயின. தங்கிய இரவுக்கு யாரும் காசு கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. 2015ஆம் ஆண்டு சனவரியிலே புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. 2023இலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் தொடங்கியது.

சூலியா தெருவின் தங்குமனை ஒன்றிலே நேயர் ஒருவர் நள்ளிரவிலே சென்று கதவைத் தட்டுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். வாயிலிலே உள்ள பையன் கடவுச்சீட்டை வாங்கிப் பெயரையும் நாட்டையும் எழுதிக்கொண்டு, ஓரிரவின் கட்டணத்தைப் பெற்றுத் திறப்பை நீட்டுவான். சாதி என்ன, பதவி என்ன, எந்த நகரத்தார் என்று அவன் கேட்பதில்லை. உறக்கம் வராத வேளையிலே பேச்சுக்கு எடுத்து, "உங்கள் ஊர் எது?" என்று வேண்டுமானாற் கேட்பான். மருதனார்மடம் என்று சொல்லி, அதன் பொருள் என்ன என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.